ஏழு குதிரையும் நாலு டயரும்

இந்த வாரம் தக்காளிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டுற கதையை எழுதறதா இருந்தேன். அது எங்கயும் ஓடிப்போகாது. அதுக்கு முன்னால ஒண்ணை இறக்கி வெச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

நேத்து சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு போட்டுக்கிட்டு இருக்கும்போது சென்னையிலிருந்து தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, என் காரை ட்யூன் பண்ணலாம்னு இருக்கேன். ஒன்றரை லட்சம் ஆகும்ங்கறாங்க. உங்க பையன் பண்ணினானே, எப்படி இருந்துச்சு?"

"வேண்டாம் மாப்பிள்ளை" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன். ஏன் வேண்டாம்னு கேட்டா, அதைப் போன்ல சொல்லி முடிக்க முடியாது. அதான் இங்க எழுதறேன். அவனுக்கு மட்டும் இல்லீங்க, அதே நெனப்போட இருக்கற மத்த தம்பிகளுக்கும் சேர்த்து.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காருக்கு, அதாவது நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்னு சொல்றாங்களே அந்த இஞ்சினுக்கு, குதிரைத்திறன் கூட்டறேன்னு பணம் போடறது வீண். ரோட்டுல ஓட்டுற காருக்குச் சுத்தமா வீண்.

மண்ணு வெட்டறவனுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. பத்தாவதுக்கு மேல நான் படிக்கலை, உண்மைதான். ஆனா எங்க ஊரு செட்டிபாளையத்துக்கும் சுல்தான்பேட்டைக்கும் நடுவுல இருக்குது. கிணத்து மேட்டுல டீசல் இஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணித்தான் எங்க தலைமுறை வளர்ந்துச்சு. மோட்டார் பம்பும் லேத்துப் பட்டறையும் இல்லாத தெரு கோயம்புத்தூர் பக்கம் குறைச்சல். செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்குது. பந்தயம் நடக்கிற நாள்ல காத்து இந்தப் பக்கம் வீசினா, களை எடுக்கறப்பவே கார் சத்தம் காதுல விழும்.

அது மட்டும் இல்லை. இந்தத் தப்பை என் மகனுக்கு முன்னாலயே செஞ்சவன் நான்.

2008-ல என்கிட்ட இருந்தது மூணு சிலிண்டர் டிராக்டர். டர்போ கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெரிய டிராக்டர் வாங்கி ஒம்பது கொத்துக் கலப்பையைச் சர்ருனு இழுத்துட்டுப் போறதைப் பார்த்து எனக்கு வயித்தெரிச்சல். ஒரு பம்ப் மெக்கானிக், "டீசல் பம்ப்ல கொஞ்சம் கூட்டி விட்டாப் போதுமுங்க, உங்க வண்டியும் அப்படியே இழுக்கும்" அப்படின்னார். கூட்டி விட்டோம். முதல் நாள் உண்மையிலயே இழுத்துச்சு. நான் மீசையை முறுக்கிக்கிட்டேன். ஆனா புகைக்குழாய்ல கருப்பா புகை தள்ளுச்சு, மத்தியானம் ஆனா ரேடியேட்டர் கொதிச்சுது. ரெண்டாவது பட்டத்துல பிஸ்டன் கருகி நின்னு போச்சு. சிலீவ், பிஸ்டன், ரிங்குன்னு 38 ஆயிரம் ரூபாய். அந்த வருசம் நிலக்கடலையில நான் பார்த்த லாபம் மொத்தமும் அந்த இஞ்சினுக்குள்ள போச்சு.

அன்னைக்குத்தான் பட்டறைக்காரர் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். "எண்ணெயை எவ்வளவு வேணாலும் ஊத்தலாம். அதை எரிக்கிற காத்துக்கு எங்க போவீங்க?"

மொத்த விஷயமும் இதுக்குள்ளதான் இருக்குது. பெட்ரோலுக்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ பெட்ரோலை ஒழுங்கா எரிக்க 14.7 கிலோ காத்து வேணும். டர்போ இல்லாத இஞ்சினுக்குக் காத்தைப் பிடிச்சுத் தள்ளி விட ஆள் கிடையாது. பிஸ்டன் கீழ இறங்கும்போது வெளியில இருக்கற காத்து தானா உள்ள போகணும். 1,197 சிசி இஞ்சின் நிமிசத்துக்கு 6,000 சுத்து சுத்துதுன்னு வையுங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் காத்தை இழுக்கும். அப்ப நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 3,600 லிட்டர். முழுசா ரொம்பினாலே அவ்வளவுதான். நீங்க தங்கத்துல பில்டர் போட்டாலும் அந்த அளவு பெருசா மாறாது.

கிணத்துக் கணக்குல சொல்றேன். மணிக்கு இவ்வளவுதான் ஊத்துன்னு ஒரு கிணறு இருக்குது. குழாயில அடைப்பு இருந்தா எடுக்கலாம், வளைவைக் குறைக்கலாம். கொஞ்சம் கூட வரும். அதுக்கு மேல மோட்டாரை மாத்து, பைப்பை மாத்துன்னா ஊத்து கூடுமா? கார் கம்பெனியில உக்காந்து இஞ்சின் வரைஞ்சவங்க அந்த அடைப்பையும் வளைவையும் பெரும்பாலும் எடுத்துட்டுத்தான் வித்திருக்காங்க. உங்களுக்கு மிச்சம் இருக்கறது ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற சொச்சம்.

டர்போ இஞ்சின் சமாச்சாரம் வேற. அதுல காத்தை அழுத்தி உள்ள தள்ள ஒரு விசிறி இருக்குது. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினா காத்தும் கூடும், பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். இப்ப வர்ற ஒரு லிட்டர் டர்போ கார் ஒண்ணு 100 குதிரை தருது, 1.2 லிட்டர் சாதா இஞ்சினைவிட அதிகம். அதனால டர்போ காரை ரீமேப் பண்ணினவன் சொல்ற கதையைக் கேட்டுட்டு உங்க காருக்கும் அதே நடக்கும்னு நெனைக்காதீங்க. நம்ம ஆளுங்க ஏமாறுறது பாதி இங்கதான்.

இனி என் மகன் கதை. அவன் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தப்ப, 2013 மாடல் ஸ்விப்ட் பெட்ரோல் கார் ஒண்ணைப் பழசா வாங்கினோம். பாதிப் பணம் அவனோடது, பாதி என் தேங்காய்ப் பணம். கம்பெனி கணக்குல 85 குதிரை வாக்குல உள்ள வண்டி. குறையே சொல்ல முடியாது.

ஒரு வருசம் நல்லாத்தான் ஓட்டினான். அப்புறம் சேர்க்கை சரியில்லை. கெட்ட பசங்க இல்லீங்க, கார்ப் பைத்தியம் பிடிச்ச பசங்க. ஏர் பில்டர் 6,500. ஹெட்டரும் சைலன்சரும் 42,000. ரீமேப் 28,000. பிளக், வயர்னு 6,000. கடைசியா இஞ்சின் ஹெட்டைக் கழட்டிக் காத்து போற வழியைத் தேய்ச்சு வழவழப்பாக்க 55,000. கூட்டுங்க. 1,37,500 ரூபாய். இதை எல்லாம் அவன் எங்கிட்டச் சொல்லலை. மேசை டிராயர்ல இருந்த பில்லை எடுத்துக் கூட்டினது நான்.

என்ன கிடைச்சுது? டைனோன்னு ஒரு உருளை மேல காரை ஏத்தி அளப்பாங்களாம். முன்னால சக்கரத்துல 71 குதிரை, பின்னால 78. ஏழு குதிரை! ஒரு குதிரை பத்தொன்பதாயிரத்து அறுநூத்துச் சொச்சம். எங்க பக்கம் அந்தப் பணத்துக்கு ரெண்டு கறவை மாடு வாங்கிக் கட்டலாம், அதுக பாலாவது கறக்கும்.

அதுலயும் ஒரு வேடிக்கை. சீட்டுல தேதியைப் பார்த்தேன். 71 அளந்தது மே மாசம் மத்தியானம். 78 அளந்தது டிசம்பர் மாசம் காலையில. குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும், இஞ்சின் அதிகமா இழுக்கும். அதுக்குத் திருத்தம் போட்டுத்தான் கணக்குப் பார்க்கணும். "திருத்தம் போட்டாங்களா கண்ணு?" அப்படின்னு கேட்டேன். அவனுக்குத் தெரியலை. போடலைன்னா அந்த ஏழுல ரெண்டு குதிரை மார்கழிப் பனி குடுத்தது. அதுக்குக் காசு வாங்கினது பட்டறை.

இன்னொண்ணும் சொல்றேன். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டர். மேல போகப் போகக் காத்து லேசாகும். டர்போ இல்லாத எந்த இஞ்சினா இருந்தாலும் அந்த உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு சக்தி போயிடும். அதாவது ஒன்றரை லட்சம் குடுத்து வாங்கின ஏழு குதிரையும் குன்னூர் தாண்டறதுக்குள்ளயே செத்துப் போச்சு. கூடவே கம்பெனி குடுத்த குதிரையில ஏழெட்டைக் கூட்டிட்டுப் போச்சு.

இதைச் சொன்னதும் மகன் ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்விதான். "அப்பா, நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்ல ஓட்டினதும் டர்போ இல்லாத இஞ்சின்தானே? அதுல எப்படி அவ்வளவு குதிரை வந்துச்சு?"

வந்துச்சு. 2005-ல அவர் ஓட்டினது 3 லிட்டர், 10 சிலிண்டர் இஞ்சின். எண்ணூறு குதிரைக்கு மேல. எப்படி? நிமிசத்துக்குப் பதினெட்டாயிரம் சுத்து வாக்குல சுத்தினதால. ஒவ்வொரு தடவையும் இழுக்கற காத்தைக் கூட்ட முடியாதுன்னா, இழுக்கற தடவையைக் கூட்டணும். டர்போ இல்லாத இஞ்சினுக்கு நெசமான சக்தி வேணும்னா அது ஒண்ணுதான் வழி. அதுக்கு வால்வு ஸ்பிரிங், கேம்ஷாப்ட், பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாத்தையும் மாத்தணும். அப்படிச் செஞ்ச இஞ்சினுக்கு ஆயுசு என்ன தெரியுமா? அந்த வருசத்து விதிப்படி ஒரு இஞ்சின் ரெண்டு பந்தயத்துக்குத் தாங்கணும். ரெண்டே ரெண்டு. நம்ம கார் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓடினாப் போதுமா?

நான் பந்தயத்தைக் குறை சொல்லலை. பந்தய மைதானத்துக்குன்னே ஒரு காரை ஒதுக்கி, எல்லாரும் ஒரே அளவு இஞ்சின்ல போட்டி போடற இடத்துல, அரை நொடிக்குக் காசு போடறவன் போடட்டும். கோயம்புத்தூர்ல கரிவரதன் மாருதி இஞ்சினை வெச்சு ஒத்தை ஆள் பந்தயக் காரே செஞ்சார். அது கலை, அது உழைப்பு. ஆனா அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு காந்திபுரம் சிக்னல்ல முதல் கியர்ல உருமறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பட்டணத்துல இருக்கற நீங்களே சொல்லுங்க. அந்த ஏழு குதிரையும் வர்றது 6,000 சுத்துக்குப் பக்கத்துல. ஓ.எம்.ஆர். நெரிசல்லயும் அவிநாசி ரோட்டுலயும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்க முள்ளு 6,000-ஐத் தொடுது? அன்னாடம் நீங்க ஓட்டறது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவுல. பெரிய சைலன்சர் போட்டு, வழியைத் தேய்ச்சு அகலமாக்கினா, அந்தக் கீழ் சுத்துல வண்டி சோர்ந்து போறதும் உண்டு. வாய்க்காலைத் தேவைக்கு மேல அகலமா வெட்டினா தண்ணி வேகமில்லாம நிக்கும் பாருங்க, அந்த மாதிரி.

எங்க கார்ல அதுதான் ஆச்சு. ஒரு நாள் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். வீட்டாளுக அஞ்சு பேரும் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். எங்க தோட்டத்துத் தடத்துல இருந்து ரோட்டுக்கு ஏறற மேடு இருக்குது. முன்னெல்லாம் ரெண்டாவது கியர்ல சாதுவா ஏறின வண்டி, அன்னைக்கு உதறி நின்னுச்சு. மறுபடி முதல் கியர் போட்டு, தெருவே எந்திரிக்கிற மாதிரி சத்தம் போட்டு ஏறுச்சு. பின்னால என் மடியில தலை வெச்சுப் படுத்திருந்த அம்மா, "என்ன சாமி, மாட்டு வண்டியா இது?" அப்படின்னாங்க.

சத்தத்தைப் பத்தியும் சொல்லணும். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் வந்து வாசல்ல உருமிக்கிட்டு நிறுத்துவான். கட்டுத்தறியில செவலை மாடு கவுத்தை இழுத்துக்கிட்டு மிரளும். மிரண்ட மாடு பாலை அடக்கிக்கும். மறுநாள் காலையில ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குறையும். அவனுக்கு அந்தச் சத்தம் வேகம். எனக்குப் பால் நட்டம். உண்மை என்னன்னா, இவனுக பணம் குடுத்து வாங்கறது வேகத்தை இல்லை, சத்தத்தைத்தான். சத்தம் கூடினா வேகம் கூடின மாதிரி இருக்கும். கண்ணைக் கட்டிக் காதையும் அடைச்சு உக்கார வெச்சா, ஏழு குதிரை கூடுனதை எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

இத்தனையும் சொல்லிட்டேன். ஆனா நான் எழுத உக்காந்தது இதுக்காக இல்லை.

அந்த 1,37,500 ரூபாய் செலவான வருசம், கார் டயர் நாலும் மொட்டை ஆகிக்கிட்டு வந்துச்சு. நாலு டயர் 20 ஆயிரம் ரூபாய். "அடுத்த போனஸ்ல மாத்திக்கறேன்பா" அப்படின்னான். அந்தப் போனஸ் ஹெட்டைத் தேய்க்கப் போச்சு. இதுல என் தப்பும் இருக்குது. டயரை நானும் பார்த்தேன். விரலை வெச்சுத் தடவியும் பார்த்தேன். அவன் சம்பாத்தியம், அவன் கார், நம்ம வாயை எதுக்கு விடறதுன்னு இருந்துட்டேன். தேங்காய்ப் பணம் வந்ததும் நானே மாத்திக் குடுத்துடலாம்னு ஒரு நெனப்பு.

தேங்காய்க்கு முன்னால ஐப்பசி மழை வந்துச்சு. ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தவன், ஒரு வளைவுல பிரேக் போட்டிருக்கான். கார் நிக்கலை. தண்ணி மேல வழுக்கிட்டே போய்ப் பாலத்துக் கட்டையில இடிச்சு நின்னுச்சு. வேகம் அறுபதுதான். கட்டை இல்லைன்னா பத்தடி கீழ ஓடை. மணிக்கட்டு உடைஞ்சு பிளேட் வெச்சாங்க. ஆஸ்பத்திரியில அவன் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ராத்திரி முழுக்க நான் நெனச்சது ஒண்ணுதான். எழுபத்தெட்டுக் குதிரையும் சேர்ந்து ஓட விட்டுச்சே தவிர, ஒண்ணாவது நிறுத்தி விட்டுச்சா?

அப்புறம் இன்சூரன்ஸ். வந்து பார்த்தவர் பானெட்டைத் திறந்ததும் முகம் மாறுச்சு. "மாத்தினதை எல்லாம் பாலிசியில சொல்லியிருக்கீங்களா?" சொல்லலை. கோரிக்கை போச்சு. சட்டமும் நம்ம பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிடுச்சு. பட்டறையில பில் போடறவன் இதைச் சொல்ல மாட்டான். எங்களுக்கும் சொல்லலை.

காரைத் திரும்பச் சரி பண்ணும்போது எங்க ஊர் மெக்கானிக் கிட்டயே விட்டோம். கழட்டி வெச்சிருந்த பழைய சைலன்சர், பழைய பில்டர் பெட்டி எல்லாத்தையும் மாட்டினார். ரீமேப்பையும் பழையபடி மாத்தச் சொன்னோம். கம்ப்ரெஷன் பார்த்தார், இன்ஜெக்டர் கழுவினார், டேப்பெட் இடைவெளி சரி பண்ணினார். புது டயர், புது பிரேக் பேட். ஓட்டிப் பார்த்துட்டு மகன், "இப்பத்தான்பா நல்லா இழுக்குது" அப்படின்னான். இழுக்காம என்ன? 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டி தொலைச்ச குதிரையைக் கூட்டிட்டு வந்தா, அதுவே பெரிய ட்யூனிங்.

அதனால தம்பிகளா, ஒன்றரை லட்சம் கையில அரிக்குதுன்னா இப்படிப் பண்ணுங்க. முதல்ல டயர், பிரேக், ஷாக் அப்சார்பர். அடுத்தது சர்வீஸை ஒழுங்கா முடிங்க. டிக்கியில சும்மா கிடக்கற சாமானை இறக்குங்க. ஆயிரம் கிலோ வண்டியில அம்பது கிலோ குறைஞ்சா, அதுவே நாலு குதிரைக்குச் சமம், காசும் இல்லை. ஒரு நாள் பந்தய மைதானத்துல சொல்லிக் குடுக்கறவங்க கிட்டப் போய் ஓட்டக் கத்துக்கங்க. அதுக்கப்புறமும் சக்தி பத்தலைன்னா இந்தக் காரை வித்துட்டு, மிச்சப் பணம் போட்டு டர்போ கார் வாங்குங்க. கம்பெனியே குடுத்த சக்தி, கம்பெனியே குடுத்த வாரண்டி.

"ஆசைக்கு விலை உண்டா மாமா?" அப்படின்னு மாப்பிள்ளை கேப்பான், தெரியும். ஆசைக்கு நான் எதிரி இல்லை. என் சேவல் மேல நான் வெச்சிருக்கற ஆசைக்கு என் வீட்டம்மா கணக்குக் கேட்டா நானும் முழிப்பேன். ஆசைக்குச் செலவு பண்ணறேன்னு சொல்லிட்டுச் செலவு பண்ணு. சக்தி கூடுது, வேகம் கூடுதுன்னு உனக்கு நீயே பொய் சொல்லிக்காதே. அந்தப் பொய்தான் டயர்க் காசைத் தின்னுச்சு.

மகன் கை இப்ப பரவாயில்லை. குளிர் காலத்துல மட்டும் குத்துதுங்கறான். போன வாரம் வந்தவன் சத்தமில்லாம வந்து நிறுத்தினான். செவலை தலையைக்கூடத் தூக்கலை.

மாப்பிள்ளை, இதைப் படிச்சதும் கீழ இறங்கிப் போய் உன் டயரைத் தடவிப் பாரு. பார்த்துட்டுப் போன் பண்ணு. நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வரட்டுங்களா.